முதன்மைக் குழாயில் சேராதவர்கள்

நாள் 212. காலை 6.10

முதன்மைக் குழாயில் ஓட்டம் இயல்பு. கழிவுநீரின் வெப்பம் 27 பாகை. மூக்கு காட்டும் அளவு: பூஜ்யம். தொடர்ந்து பதின்மூன்றாம் நாள்.

பின்னால் இதைப் படிப்பவருக்கு: நான் குமுதினி, நுண்ணுயிரியலாளர், வயது நாற்பத்தாறு. நொய்யல் தொழில் நகரத்துக்கு முப்பது மீட்டர் கீழே, கழிவுநீர்க் கண்காணிப்பு நிலையத்தில் தனியாக இருக்கிறேன். நகரத்தின் சாக்கடை முழுவதும் என் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. அதில் தொற்றுக் கிருமி இருக்கிறதா என்று சொல்லும் கருவியின் பெயர்தான் மூக்கு. பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு நோய் இருந்தாலும் பிடித்துவிடும். பதினான்கு நாள் பூஜ்யம் வந்தால் பச்சை. பச்சை வந்தால் பனியன் ஆலைகளுக்கு மின்சாரம் வரும். சிவப்பு வந்தால் நின்றுவிடும். பெருந்தொற்றின் இரண்டாம் ஆண்டில் வந்த சட்டம் இது. மூக்கின் அளவை யாரும் கையால் மாற்ற முடியாது.

என் கழிப்பறை மட்டும் முதன்மைக் குழாயில் சேராது. கிருமியைக் கையாள்பவரால் அளவு கெடக்கூடாது என்று தனித்தொட்டியில் கொதிக்க வைத்துவிடுகிறோம். நகரத்தின் கணக்கில் நான் இல்லை. இதுவரை அது என்னை உறுத்தியதில்லை.

நாளை மீட்சி மாநாடு. அரசும் ஆலை உரிமையாளர்களும் மேலே கூடுகிறார்கள். நான் இங்கிருந்து வானொலியில் ஒரே வரி வாசிக்க வேண்டும்: நகரம் பாதுகாப்பானது.

நாள் 212. பிற்பகல் 3.20

மேலே வண்டி கழுவும் இடத்தில் ஒரு பேச்சுக்கருவி உண்டு. ஆலைகளிலிருந்து கழிவு ஏற்றிப்போகும் டேங்கர் ஓட்டுநர் ராக்கியப்பன் தினமும் அதில் இரண்டு வார்த்தை பேசுவார். இந்த ஏழு மாதத்தில் என்னைச் சிரிக்கவைத்த ஒரே ஆள். இன்று சலித்துக்கொண்டார்.

"ஊரடங்குன்னு பேருங்க மேடம். எனக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஆறு நடை. ஆலைய மூடுனாங்க செரி, விடுதில இருக்கறவன் வயித்தயும் மூட முடியுங்களா?"

ஆலை விடுதிகள் காலி என்றுதான் என்னிடம் உள்ள ஆவணம் சொல்கிறது. எத்தனை பேர் என்று கேட்டேன். முப்பத்தெட்டாயிரம் என்றார். திறக்கும் நாளில் ஆள் கிடைக்காமல் போகும் என்று யாரையும் ஊருக்கு அனுப்பவில்லையாம்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இந்த ஊரின் பெருமையே ஆலைகள் ஒரு சொட்டு நீரைக்கூட வெளியே விடுவதில்லை என்பது. சாயத்தண்ணீரும் விடுதிச் சாக்கடையும் வளாகத்துக்குள்ளேயே சுத்திகரிக்கப்படுகின்றன. மிச்சமாகும் சகதி டேங்கரில் போய்விடும். முதன்மைக் குழாய்க்கு எதுவும் வராது. எட்டு வருடம் முன்பு அதைப் பாராட்டிச் சான்றிதழில் கையெழுத்திட்டவள் நானே.

பதின்மூன்று நாளாக மூக்கு முகராத முப்பத்தெட்டாயிரம் பேர். ஒரு பாட்டில் சகதி கேட்டேன். மாதிரி இறக்கும் கூண்டில் வைத்து அனுப்பினார்.

நாள் 212. மாலை 6.40

சகதி குளிர்பான பாட்டிலில் வந்தது. உள்ளே வாயு சேர்ந்திருக்கும் என்று யோசிக்காமல் மூடியைத் திருகினேன். முகக்கவசத்தின் ஓரத்தில், கண்ணில் தெறித்தது. கழுவினேன். தொற்றுக்கு உள்ளானதாகப் பதிவு செய்தேன். கதவு இருபத்தோரு நாளுக்குப் பூட்டிக்கொண்டது.

ஆய்வு மேசையில் சகதியைச் சோதித்த அளவு: மூக்கு காட்டக்கூடிய உச்சத்துக்கு மேல். மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் அதேதான். மிச்சத்தை உறைபெட்டியில் வைத்திருக்கிறேன்.

நாள் 213. முற்பகல் 11.05

மூக்கு: பூஜ்யம். பதினான்காம் நாள். பச்சை.

மாநாட்டில் என் முறைக்கு முன் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏற்றுமதி எத்தனை விழுக்காடு சரிந்தது, எந்தத் துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கிறது, 217ஆம் நாள் காலை ஒரு லட்சத்து இருபதாயிரம் தொழிலாளர்கள் ரயிலில் வந்து இறங்குகிறார்கள். அவர்களையும் அதே விடுதிகளில்தான் தங்கவைப்பார்கள். ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர்.

எனக்குக் கொடுத்த வரியை நான் வாசிக்கவில்லை. பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். விடுதிகளைச் சோதிக்கப் பத்து நாள் கேட்டேன். பத்தே நாள்.

தொழில்துறைச் செயலர் தேவசகாயம் குரலை உயர்த்தவே இல்லை. "மேடம், சட்டம் முதன்மைக் குழாய்னுதான் சொல்லுது. விடுதி அதுல வராது. நீங்க சொல்றது கவலை, அளவு இல்ல."

ஆலை உரிமையாளர் சங்கத் தலைவர் நல்லசிவம் அடுத்துப் பேசினார். "அம்மிணி, நோவுல செத்தவங்கள எண்ணிட்டீங்க. பசியில செத்தவங்கள எந்த மெசினுங்க எண்ணுச்சு? எங்கூரு வீதில வந்து பாருங்க. அடுப்பு எரிஞ்சு எத்தன நாளாச்சுன்னு கேளுங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. பத்து நாள் என்றுதான் திரும்பச் சொன்னேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

நாள் 213. பிற்பகல் 2.30

அறிக்கைகளில் நான் கையொப்பமிடும் மின்சாவி ரத்து. வெளி வானொலி மௌனம். மிஞ்சியது ராக்கியப்பனின் பேச்சுக்கருவி மட்டும். மாவட்ட மருத்துவமனையில் போய்ச் சொல்லுங்கள் என்றேன். போனார்.

"வாசல்லயே நிறுத்திப்போட்டாங்க மேடம். சாக்கடை வண்டிக்காரன் கொண்டார சேதிய எவன் கேப்பான், நாத்தமடிக்குதுன்னு மூக்கப் பொத்தறான்."

நாள் 215. மாலை 5.00

தொண்டை வலி. உடல்சூடு 38.4. என் மாதிரியை நானே சோதித்தேன். இருக்கிறது.

கிருமியை இருபது வருடமாகக் கண்ணாடிக்குள் பார்த்துப் பழகியவள். பயம் வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. அவர்கள் மேல் கொஞ்சம். எட்டு வருடம் முன்பு கையெழுத்திட்ட அந்தப் பெண்மேல் நிறைய. குழாயைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். சுவருக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

நாள் 216. காலை 7.15

மூக்கு: பூஜ்யம். பச்சை. நாளைக் காலை ரயில்.

சட்டம் முதன்மைக் குழாயைத்தான் கேட்கிறது. சரி.

என் கழிப்பறைக் குழாயில் ஒரு கைத்திருகு வால்வு இருக்கிறது. நிலையம் கட்டிய காலத்து இணைப்பு. மூக்குக்கு இரண்டு மீட்டர் முன்னால் முதன்மைக் குழாயில் போய்ச் சேர்கிறது. துருவேறியிருந்தது. நாற்பது நிமிடம் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தேன்.

திறந்துவிட்டேன். தெரிந்தேதான் செய்தேன், மயக்கத்தில் இல்லை. நானும் இந்த ஊர்க்காரி. எனக்கு நோய் இருக்கிறது. என்னையும் எண்ணட்டும்.

நாள் 216. காலை 9.40

மூக்கு: சிவப்பு.

நாள் 216. பகல் 12.10

வானொலிக்கு உயிர் வந்துவிட்டது. தேவசகாயம்தான். இது நாசவேலை, வால்வை மூடுங்கள் என்றார். இது நாசவேலை இல்லை, அளவு என்றேன். விடுதிகளைச் சோதித்து முடிவைச் சொல்லுங்கள், மூடுகிறேன். ஒளிக்க எதுவுமில்லை: மூக்கு பார்த்தது என்னை, பார்க்காதது அவர்களை.

நல்லசிவம் இடையில் வந்தார். "ஒத்த பொம்பள ஒரு ஊரையே நிறுத்திப்போட முடியும்னு நெனைக்கறீங்களா?"

நின்றுவிட்டதே என்றேன்.

பிறகு வால்வின் கைப்பிடியைக் கழற்றிக் கொதிதொட்டிக்குள் போட்டேன். இனி நான் பயந்து மனம் மாறினாலும் மூட முடியாது. என்னை எனக்குத் தெரியும்.

நாள் 217. காலை 8.30

மூக்கு: சிவப்பு. உடல்சூடு 39.6.

ராக்கியப்பன் பேசினார். ரயிலை வடக்குச் சந்திப்பிலேயே நிறுத்திவிட்டார்களாம். மின்சாரம் இல்லாத ஆலைக்கு ஆளை இறக்கி என்ன செய்ய? தண்ணீரும் பொட்டலமும் கொடுத்துத் திருப்பி அனுப்பப்போகிறார்களாம்.

"ரயில்ல பாதிப்பேரு ஏசறான், பாதிப்பேரு தூங்கறான் மேடம். ஒருத்தனுக்கும் விசயந் தெரியாது. நாஞ் சொல்லட்டுங்களா?"

சொல்லுங்கள் என்றேன். என்னை ஏசுவார்கள் என்றார். ஏசட்டும். ஏச மூச்சு இருக்கிறதே.

நாள் 218. முற்பகல் 10.50

நிலையத்துக்குள் காற்றை இறக்கும் விசிறி நின்றது. மேலே யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். பழுது என்று வானொலி சொல்கிறது. ஆளனுப்பிச் சரிசெய்ய, முதலில் வால்வை மூட வேண்டுமாம்.

கைப்பிடி எங்கே இருக்கிறது என்று சொன்னேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தால் உறைபெட்டியில் விடுதிப் பாட்டில் இருக்கிறது. அதையும் எடுத்தாக வேண்டும்.

வானொலியை அணைத்துவிட்டார்கள்.

நாள் 219. காலை

மூக்கு சிவப்பு. எழுத்து கோணுகிறது. விளக்கு மங்கல். மூச்சை எண்ணி எண்ணி எழுதுகிறேன்.

ராக்கியப்பன் நான்காம் விடுதி வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறாராம். சகதி ஏற்ற மாட்டேன் என்று. ஓட்டுநர்கள் யாருமே ஏற்றவில்லையாம். தொட்டி நாளை நிரம்பிவிடும், அப்புறம் அது தானாகவே தெருவுக்கு வரும், தெருவிலிருந்து முதன்மைக் குழாய்க்கு வரும் என்றார்.

"நாளைக்கு நீங்க தனியா இருக்க மாட்டீங்க மேடம். முப்பத்தெட்டாயிரம் பேரு வாராங்க."

சிரித்தேன். இருமல் வந்துவிட்டது.

நாள் 220

இதைக் கண்டெடுப்பவருக்கு. முதலில் மூக்கைப் பாருங்கள்.

சிவப்பு என்றால் நான் இன்னும் இருக்கிறேன், அல்லது அவர்கள் வந்துசேர்ந்துவிட்டார்கள். இரண்டில் எதுவானாலும் நல்லது.

பச்சை என்றால், அதை நம்புவதற்கு முன்னால், யாருடைய குழாய் இதில் சேரவில்லை என்று