நடுவில் நின்றவள்

உன் கேமரா பையின் ஜிப்பை இழுத்ததும் உம்பாய்க் கடற்கரைச் சேற்றின் வாடை வந்தது. இரண்டு முறை கழுவிக் காயப்போட்டதாக உன் வீட்டுக்காரர் சொன்னார். ஐந்து மாதமாகியும் போகவில்லை. உன் பதினாறாம் நாள் சடங்குக்கு, நீ எடுத்த படங்களில் பத்தை ஹாலில் மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. "எது நல்ல படம்னு உங்களுக்குத்தாம்மா தெரியும்" என்று பையை என்னிடம் கொடுத்துவிட்டார். எனக்குத்தான் தெரியும். இருபது வருடமாக அந்தத் திமிரோடுதான் உன்னோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

நாம் வளர்ந்த லூபோக் சீனாவில் நம் எஸ்டேட் ரோட்டை நீ எடுத்தாயே, அந்தப் படத்தை முதலில் எடுத்து வைத்தேன். இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் ஃபிரேமில் தலை வெட்டுப்பட்டு நிற்கின்றன. ரோடு மூலையிலிருந்து வளைந்து வராமல் நட்டநடுவே நீட்டிப் படுத்திருக்கிறது. வானம் பாதி, மண் பாதி. நம் கேமரா கிளப் போட்டிக்கு வந்த படங்களைச் சலிக்கும் வேலை அப்போது என்னுடையது. உன் படத்தை ஒதுக்கியது நான்தான். படத்தை மூன்று மூன்றாகப் பிரிக்கும் கோடுகள் இருக்கின்றன, முக்கியமானதை அந்தக் கோட்டில் வைக்க வேண்டும், அடிவானம் நடுவில் வரக்கூடாது. இதையெல்லாம் எத்தனையாவது தடவையாகவோ உனக்குச் சொன்னேன்.

"நடுவுல வச்சா படம் செத்துரும்டீ."

"நாம ஸ்கூலுக்கு அந்த ரோட்டு நடுவுலதானே நடந்தோம்? ஓரத்துல பாம்பு கெடக்கும்னு உங்கம்மாதானே சொன்னாங்க? நான் நடந்த எடத்துல நின்னுதான்லா எடுத்தேன்."

பதில் வராதபோதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அது உனக்கும் தெரியும்.

நாம் உம்பாய்க்குப் போயிருந்த சனிக்கிழமையும் அந்தக் கோபம் தீரவில்லை. மஸ்ஜித் தானா டவுனிலிருந்து வழியெல்லாம் வாக்குவாதம். போய்ச் சேர்ந்தபோது கடல் வற்றிச் சேறு தெரிந்தது. நான் கரையோரமாக டிரைபாடை ஊன்றினேன். வலதுபக்கக் கோட்டில் பழைய சம்பான் படகு ஒன்று, இடது மூலையிலிருந்து அதை நோக்கி ஓடும் ஒரு வாய்க்கால். அளந்து வைத்த மாதிரி அமைந்துவிட்டது. சூரியன் மேகத்துக்குக் கீழே இறங்குவதற்காகக் காத்திருந்தேன். நீ செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டுக் கேமராவும் பையுமாகச் சேற்றில் இறங்கினாய்.

"அங்க போகாதடீ, என் ஃபிரேம்ல வர்றே!"

"ரெண்டே நிமிஷம்லா!"

நீ போய் நின்ற இடம் என் ஃபிரேமின் நட்டநடு. வேண்டுமென்றே செய்கிறாய் என்று பல்லைக் கடித்தேன். தள்ளி நிற்கச் சொல்லிக் கத்தினேன். நீ நகரவில்லை.

"கால் மாட்டிக்கிச்சு, வாடீ!"

முதல் தடவை நம்பவில்லை. விளையாடுகிறாய் என்று நினைத்தேன். அதற்குள் கடல் திரும்பி, வாய்க்கால்களில் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏய், வாடீ!"

இரண்டாவது தடவை உன் குரல் உடைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீர் உன் முட்டியைத் தாண்டியிருந்தது. நீ விளையாடவில்லை என்று எனக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. ஆனால் சூரியன் அந்த நேரம் பார்த்துத்தான் மேகத்தைவிட்டு இறங்கியது, சேறு முழுக்கச் செம்பாகிவிட்டது. அந்த வெளிச்சம் அரை நிமிடம்கூட நிற்காது. நான் டிரைபாடின் தலையை இடதுபக்கம் திருப்பினேன். சம்பான் ஓரத்துக்கு ஒதுங்க, அது இருந்த கோட்டில் நீ வந்து நின்றாய். மூன்றாவது தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். நான் பட்டனை அழுத்தினேன்.

அதற்கப்புறம்தான் ஓடிவந்தேன். எனக்கு முன்னாலேயே கரையோரச் சாப்பாட்டுக் கடையிலிருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் பலகையோடு இறங்கிவிட்டார். தண்ணீர் ஏறுகிறது என்று "ஆயர் நாயிக், ஆயர் நாயிக்" என்று கத்திக்கொண்டே அவர் உன் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, நான் உன் காலைப் பிடுங்கினேன். நீ இடுப்புவரை நனைந்தும் கேமராவைத் தலைக்கு மேலேயே வைத்திருந்தாய். பை மட்டும் முங்கிப்போனது. கரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டே கேட்டாய்.

"கூப்பிட்டது கேக்கலையா?"

"காத்துடீ. ஒண்ணும் கேக்கல."

கேமராவை மடியில் இறக்கி வைத்தாய். "சரிலா" என்றாய்.

அந்த மாதம் கிளப்பில் அந்தப் படத்துக்குத்தான் முதல் பரிசு. தனியாக நிற்கும் ஓர் உருவத்தை எவ்வளவு சரியான இடத்தில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள் என்று நடுவர் மெச்சினார். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டினாய். "என்னைய நல்ல எடத்துலதான்டீ வச்சிருக்கே" என்று காதோரம் சொன்னாய். கேலி செய்கிறாய் என்று சிரித்துவைத்தேன்.

இப்போது நீ வேலைக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்து, மூன்று நாள் கண் திறக்காமலே போய்விட்டாய். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். அதற்கும் உம்பாய்க்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் உன் கேமராவிலிருந்த கார்டை நேற்று மத்தியானம் கணினியில் போட்டதும் உம்பாய் நாளைத்தான் தேடினேன்.

ஒவ்வொரு பயணத்துக்கும் நாலைந்து படம் வைத்துக்கொண்டு மற்றதை அன்றைக்கே அழித்துவிடுவாய். உம்பாய் நாளுக்கு ஒன்றே ஒன்று இருந்தது. அடிவானம் சரிந்து கிடக்கிறது. கரை நெடுகிலும் சாப்பாட்டுக் கடைகள், எல்லாவற்றின் மேலும் அந்தச் செம்பு வெளிச்சம். நட்டநடுவில் நான். டிரைபாடுக்குப் பின்னால் குனிந்திருக்கிறேன், முகத்தைக் கேமரா மறைக்கிறது, ஒரு கை டிரைபாடின் தலையைத் திருப்புகிறது. தண்ணீர் முட்டிக்கு மேலே ஏறும்போது நின்று இதை எடுத்திருக்கிறாய். அப்படியானால் நான் கேட்டும் வராமல் படம் எடுத்தேன் என்று உனக்குத் தெரியும். கரையில் உட்கார்ந்து என்னைக் கேட்டபோதே தெரியும். கைதட்டியபோதும் தெரியும்.

பழக்க தோஷம், கோடுகளைப் போட்டு வெட்டிப் பார்த்தேன். என்னை ஓரத்துக்குத் தள்ளினால் அது அழகான ஒரு கடற்கரைப் படம், யாரோ ஒருத்தி படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். நடுவிலேயே விட்டால்தான் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தெரிகிறது. ஏன் இதை அழிக்காமல் வைத்தாய்? என்மேல் கோபமென்றால் திட்டியிருக்கலாமே பாவி. நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கலாமே. நான் தாங்கியிருப்பேன். இதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்று காலை பத்துப் படங்களோடு உன் வீட்டுக்குப் போனேன். பத்தாவதாக இதை வைத்திருந்தேன், வெட்டாமல். உன் வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்தார்.

"இது யாரும்மா?"

"நான்தாண்ணே. உம்பாய்ல." அப்புறம் சொல்லிவிட்டேன். காற்று இல்லை, எல்லாம் கேட்டது, கேட்டும் படம் எடுத்தேன் என்று சொன்னேன். எழுந்து வெளியே போகச் சொல்வார் என்று கைப்பையை மடியிலேயே வைத்திருந்தேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன தடவ கூப்பிட்டா?"

"மூணு."

"என்னன்னு கூப்பிட்டா?"

சொன்னேன். மூன்றாவது தடவை என் பெயரைச் சொன்னாய் என்றும் சொன்னேன். "ஆஸ்பத்திரில மூணு நாளும் பக்கத்துலயே இருந்தேன்மா. ஒரு வார்த்த பேசல அவ" என்றார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "எப்படிக் கூப்பிட்டான்னு கூப்பிட்டுக் காட்டுங்க" என்றார்.

உன் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் எழுந்து நின்றேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. நீ கூப்பிட்ட அதே இழுப்போடு, அதே சத்தத்தில், என் பெயரை நானே கூப்பிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னார்.