லிமா–மதுரை: மீதித் தூரம்

பதிவு 1
புறப்பட்டு 1 மணி. மீதி 16,300 கி.மீ.
சரக்கு விமானம். உள்ளே விமானி தவமணியாகிய நான் மட்டும். அணு எஞ்சின், எரிபொருள் கவலை இல்லை. மதுரைக்குப் பயண நேரம் பத்தொன்பது மணி.
அப்பா இறந்துவிட்டார். கொள்ளி வைக்க நான் ஒரே மகன். அட்லாண்டிக் நடுவே தூரம் தானாக நீள்கிறது என்று போன மாதம் இந்த வழியை மூடிவிட்டார்கள். பசிபிக் பக்கம் சுற்றினால் இருபத்தைந்து மணி. அதுவரை சொந்தக்காரர்கள் பொறுக்கமாட்டார்கள். மூடிய வழியிலேயே வந்துவிட்டேன். விசாரணை வைத்தால் வைக்கட்டும். எனக்குத் தூக்கம்தான் வருகிறது.

பதிவு 2
5 மணி. மீதி 12,700.
அக்கா பாக்கியம் அழைத்தாள்.
"தம்பி, எங்கடா இருக்க? பொழுது சாயுறதுக்குள்ள சுடுகாட்டுக்கு எடுத்துரணும்னு பெரியப்பா நிக்கிறாரு. ஐஸ் பெட்டியில எம்புட்டு நேரம்டா வச்சிருக்கிறது?"
"நான் வர்றவரைக்கும் எடுக்கக் கூடாதுக்கா. சத்தியம் பண்ணு."
"சரிடா, சத்தியமா எடுக்க விடமாட்டேன். நீ பத்திரமா வா."
மனசு கொஞ்சம் லேசானது. காபி குடித்தேன்.

பதிவு 3
12 மணி. மீதி 10,900.
ஐந்து மணி நேரமாக இதே எண். வேகம் குறையவில்லை, தூரமும் குறையவில்லை. தூரம் காட்டும் கருவியை மூன்று முறை அணைத்துப் போட்டேன். அது நன்றாகத்தான் இருக்கிறது, சனியன்.
திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். லிமா இருபதாயிரம் என்று காட்டுகிறது.

பதிவு 4
16 மணி. மீதி 11,400.
அக்கா குரல், இரைச்சலுக்கு நடுவே.
"ஆறு நாளாச்சுடா தம்பி. ஒரு வார்த்தை பேச மாட்டியா? எல்லாரும் என்னையத்தான் ஏசுறாக. நான் விடல."
ஆறு நாளா? என் கடிகாரத்தில் பதினொரு மணி நேரம்தான் ஆகிறது. தூரத்தைப் போல நேரமும் இழுபட்டுவிட்டது; இங்கே ஒரு மணி நேரம், அங்கே அரை நாள். "எடுத்துருங்கக்கா, எனக்காகக் காத்திருக்காதீக" என்று சொன்னேன். இரைச்சல்தான் கேட்டது. அழுதேன். இதை யார் படிக்கிறீர்களோ தெரியாது, அழுதேன் என்றே எழுதிவைக்கிறேன்.

பதிவு 5
19 மணி. இந்நேரம் இறங்கியிருக்க வேண்டும். மீதி 12,600.
தெரியாத குரல். ஒரு பெண்.
"மாமா, நான் பாக்கியத்தோட மக. அம்மா செத்து ரெண்டு வருசமாச்சு. கடைசிவரைக்கும் எடுக்க விடல. உங்க வாயால சொன்னாத்தான் எடுக்கணும்னு எங்கிட்டயும் சத்தியம் வாங்கிருச்சு. தாத்தா பெட்டியிலதான் இருக்காரு. கரண்டு போகாமப் பாத்துக்கிறோம். எப்ப வருவீக?"
நான் எடுக்கச் சொல்லி மூன்று மணி நேரமாகிறது. அது இன்னும் போய்ச் சேரவில்லை.

பதிவு
மீதி பார்க்கவில்லை.
எடுத்துருங்க என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தொண்டை கட்டிவிட்டது. இது அக்கா மகள் காதில் விழும்போது அவளுக்கு என்ன வயதோ. அதற்குள் அவள் தன் பிள்ளையிடம் சத்தியம் வாங்கிவிடக் கூடாது. அது மட்டும்