துத்திப் பூவும் பெக்கோ மெசினும்

திருகோணமலை.

அன்பு மகள் பஹ்மியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் வைத்தபடி நானும் உம்மாவும் சுகம், கடையும் சுகம், உம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முந்தியே மழையை அறிவிக்கிறது. எடின்பரோவில் குளிர் தொடங்கியிருக்கும், காலுறை இல்லாமல் திரியவேண்டாம்.

போன கிழமை நான் போனில் கத்தியதை மறந்துவிடுங்கள். சீனக்குடாவில் உள்ள நம் வெறும் வளவில் சீமெந்து ஸ்டோர் கட்ட, திங்கட்கிழமை என்று மண் வெட்டுகிற பெக்கோவுக்கு நாளும் பேசிய பிறகு, போன வருஷம் நீங்கள் நூல் கட்டி அடையாளம் வைத்த துத்திச் செடிகளைக் காய் முற்றும்வரை தொடாதீர்கள், பூவைப் படம் எடுத்தும் அனுப்புங்கள், இல்லாவிட்டால் என் ஆராய்ச்சியே நின்றுபோகும் என்று நீங்கள் சொன்னால் எந்த வியாபாரிக்குக் கோபம் வராது. ஆனாலும் நீங்கள் விட்டுப்போன கமராவைத் தூக்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு போனேன், அந்தப் பூ பின்னேரம்தானே விரியும். கடையில் சாமான் அடுக்குகிற பழக்கம் விடுமா, வாடின இலையைக் கிள்ளி, தண்ணீர் தெளித்து, பூவையெல்லாம் றோட்டுப் பக்கம் திருப்பிக் கட்டி, பின்னால் என் பெருநாள் வெள்ளைச் சாரனையும் விரித்தேன். முதல் படம் கல்யாண அல்பம் மாதிரி வந்தது. கமராவில் அந்தக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிப் புற ஊதாப் படம் எடுத்தால் சாரன் கரிச்சட்டி மாதிரி நிற்கிறது. படத்தைக் காட்டினால் உம்மா, என்ட கையால தோய்ச்ச சாரன் இப்பிடியா இருக்கும், உங்கட கமராவைத்தான் தோய்க்கவேணும் என்றுவிட்டு அதற்குப் பிறகு என்னோடு கதையில்லை. சவுக்காரத் தூளில் வெண்மைக்குப் போடுகிற மருந்து அந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும் என்று நீங்கள் வட்சப்பில் எழுதியதைக் காட்டியும் எடுபடவில்லை.

செடியை நின்றபடியே எடுங்கள் வாப்பா என்று நீங்கள் ஏசினதால் ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போய், கமராவை அசைக்காமல் இரண்டு விதமாயும் எடுத்தேன். நம் கண்ணுக்கு முழு மஞ்சள், புற ஊதாப் படத்தில் இதழ் வெளிறி நடுவில் ஒரு கறுப்பு வட்டம். தேனீ அதைப் பார்த்துத்தான் இறங்கும் என்று நீங்கள் முந்திச் சொன்னபோது நான் கொட்டாவி விட்டனான். மகள், முப்பது வருஷமாய்ப் பெயர்ப்பலகைக்கு லைட் போட்டும் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பக்கத்துக் கடைக்கு வழி கேட்கத்தான் வருகிறார்கள். இந்தச் செடியோ, வாங்க வருகிறவனுக்கு மட்டும் தெரிகிற பலகை வைத்திருக்கிறது, அதுவும் கரண்ட் இல்லாமல். இப்படிப்பட்ட கடைக்காரனை நான் எப்படி உடைக்கிறது.

திங்கட்கிழமை பெக்கோக்காரர் நிப்றாஸ் மெசினோடு வந்ததும், செடி நிற்கிற கிழக்குக் கரையை விட்டுவிட்டு வெட்டச் சொன்னேன். என்ன ஹாஜியார், புதையல் கிதையல் இருக்கா என்று கேட்டார். ஓம், கதைச்சா ஓடிரும் என்றேன். ஸ்டோர் எட்டடி குறையும், மூட்டையை இரண்டு வரிசை உயர்த்தி அடுக்கினால் சரி. போனில் அனுப்பினால் படம் கெடும் என்றீர்கள், அதனால் கமராவின் மெமரி கார்டை இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். பரீட்சகர்கள் வாய் பிளக்க அல்லாஹ் உதவுவான், உங்கள் படிப்பில் பரக்கத் செய்வான்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். எதிர்க்கடைத் தம்பிராசா அண்ணனுக்கு, அந்தக் கரையில் மண் இளகல், இன்ஜினியர் வேண்டாம் என்றார் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அஸீம் ஹாஜியார் பூவுக்கு இடம் விட்டார் என்று கடைத்தெருவுக்குத் தெரிந்தால் நாளைக்கு ஆணி வாங்க வருகிறவனும் என்னிடம் விலை குறைப்பான். தம்பிராசா அண்ணனின் மகள் பிரியதர்சினி உங்களிடம் போனில் துருவிக் கேட்பா. படித்த பிள்ளை என்று உண்மை பேசிவிடாமல், மண்ணில்தான் பிழை என்று சொல்லுங்கள்.

உங்கள் வாப்பா,
அஸீம்