தம்பி பக்கம் நகர்ந்த பால்

அம்மாவுக்கு வணக்கம். நாற்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன வாரம் அலுவலகப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து, இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. பயப்பட ஒன்றுமில்லை, எனக்கே பெரிதாக எதுவும் தோன்றவில்லை. கட்டுப் போட்ட டாக்டர்தான் கேட்டார்: "சின்ன வயசுல பாலே குடிக்கலையா சார்? முப்பது வயசுக்குள்ள ஏறின பலம்தான் எலும்புக்கு. இனிமே இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம், அவ்வளவுதான்."

வீட்டில் நீங்கள் பால் பங்கிட்ட அந்த நாட்களில் எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஏழு. "நீதான் வளந்துட்டியேடா, அவன் வளர்ற பிள்ளை" என்று என் தம்ளரையும் அவன் பக்கம் நகர்த்துவீர்கள். உண்மையில் வளர்கிற வயது எனக்குத்தான் வந்திருந்தது. அதை நான் மறக்கவில்லை.

இப்போது உங்கள் பாலைத் தம்பி மகனுக்குக் கொடுத்துவிடுகிறீர்களாம். தங்கை போனில் சொன்னாள். வயதானவர்களுக்கும் அது வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். பாலை நீங்களே குடியுங்கள்.

எனக்குப் பித்தான் போட்டுவிட இங்கே ஆள் இல்லை. தலைவழியாக மாட்டுகிற சட்டை இரண்டு அனுப்பச் சொல்லுங்கள்.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. 'அன்பு மகன்' என்று கையெழுத்துப் போட்டால் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். போடாமலே அனுப்புகிறேன்.