சுகோவ் வாத்துகள் பச்சையானது எப்படி

மோக்ரோவ், 2025 மே 18, ஞாயிறு, காலை ஆறு மணி நாற்பது. வீட்டில் ஆள் இரண்டு, கோழி பதினொன்று, எல்லாம் நலம். அங்கே ஹாம்பர்க்கில் படிக்கிற ஆள் ஒன்று. அதுவும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் பணம் கேட்டாவது போன் வந்திருக்கும்.

அன்பு வெந்துலா, இதைப் போனில் சொல்ல முடியாது, பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள், அதனால் எழுதுகிறேன். ஜூனில் நம் ஊருக்கு அறுநூற்றைம்பது வயது. வெள்ளி எடுக்க வந்தவர்கள் சேற்றைத் தோண்டிவிட்டு, திரும்பிப் போக வெட்கப்பட்டுத் தங்கிய ஊர். ஸ்வீடன்காரன் ஒருமுறை கொளுத்தினான், அவனுக்கும் அள்ளிக்கொண்டு போக ஒன்றும் அகப்படவில்லை. நமக்கென்று இருக்கும் பெருமை அல்ஃபோன்ஸின் பீர்க்கடைக் கூரை ஒன்றுதான். மேட்டின் உச்சியில் இருப்பதால் அதன் இடது மழைக்குழாயில் விழும் தண்ணீர் சாசவா, வல்தாவா, லாபெ என்று ஆறு மாறி ஆறு பிடித்து உன் ஹாம்பர்க் வழியாக வடகடலுக்கு. வலது குழாயில் விழுவது டான்யூபைப் பிடித்து ருமேனியா வழியாகக் கருங்கடலுக்கு. விழாவுக்காக இதைக் கல்லில் வெட்டியாயிற்று. அந்தக் கல்லை நட வேண்டிய இடத்துக்கு, நீதான் நிலம் அளக்கிறவனாச்சே தம்பி, ஒரு கோடு போட்டுக் குடு என்று மேயர் பொஜேனா கேட்டாள். கோடு போடுவதென்றால் சும்மா போடுவதா, சோதிக்க வேண்டாமா? போன வாரம் சனிக்கிழமை இடது குழாயில் பச்சைச் சாயம் ஊற்றினேன், நீரோட்டம் பார்க்கிற சாயம், யாருக்கும் கெடுதல் செய்யாது. வடக்கே நம் குளத்தில் பச்சை தெரிய வேண்டும். சாயங்காலம்வரை நின்றேன், குளம் பாசி நிறம் தவிர வேறு நிறம் காட்டவில்லை. ஐந்து மணிக்குத் தெற்கே சுகோவிலிருந்து போன், எங்க வாத்தெல்லாம் தவளை மாதிரி நிக்குது, உங்க ஊர்ல என்னய்யா பண்றீங்க என்று.

ஆக இரண்டு குழாயும் கருங்கடலுக்குத்தான். மறுநாள் ஞாயிறு மதியம் கடையில் எல்லோர் முன்னாலும் அப்படியே சொன்னேன், சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. டேய் லுபோர், உன் கருவியைக் கொண்டுபோய் ஆத்துல வீசு, அது எந்தக் கடலுக்குப் போகுதுன்னு அப்புறம் அளந்துக்கலாம் என்று அல்ஃபோன்ஸ் குதித்தார். பொஜேனா, கல்லு வெட்டியாச்சு தம்பி, வாத்து ரெண்டு முழுக்கு போட்டா சரியாயிடும், நீ வாயை மூடிக்கோ என்றாள். இதெல்லாம் என்னை ஒன்றும் செய்யவில்லை. உன் அம்மாதான். செப்டம்பரில் நீ போனதிலிருந்து ஞாயிறுதோறும் அவள் தன் கிளாஸின் கடைசி மடக்கு பீரை என் பொண்ணுக்கு என்று இடது குழாயடியில் ஊற்றுவது ஊருக்கே தெரியும். முதல் குளத்திலேயே கரைந்துவிடும் யித்கா என்று பலமுறை கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறேன், கேட்டதில்லை. அன்று மட்டும், அப்போ எட்டு மாசமா ருமேனியாவுல எவனோ குடிச்சிட்டிருக்கான் என்றாள். கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கடைசி மடக்கையும் தானே குடித்து, கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அப்போதிருந்து உன் பெயரே எடுப்பதில்லை, உன் பெயரை எடுக்காமல் உன் அம்மா ஒரு வாரம் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

மேடு பொய் சொல்லாது என்று வெள்ளிக்கிழமை கடைக்குப் பின்னால் தோண்டிப் பார்த்தேன். இடது மழைக்குழாய் மண்ணுக்கடியில் ஒரு பழைய வடிகுழாயில் சேர்ந்து, வடக்கே போகாமல் மேட்டைக் குடைந்து தெற்கே திரும்புகிறது. யார் பதித்தது என்று கேட்டால் அல்ஃபோன்ஸ் ஒரே கிளாஸை நாலு தரம் துடைக்கிறார். கூட்டுப்பண்ணைக் காலத்தில் பள்ளம் தோண்டும் வண்டியை ஓட்டியவர் அவர்தானாம். எழுபத்தாறு ஜூனில் வடக்கே போடச் சொன்னார்கள், அங்கே பாறை குறுக்கிட்டது, அன்று ராத்திரி நாம் ஜெர்மன்காரனை ஜெயித்த இறுதி ஆட்டம். பாறையை உடைப்பேனா பந்தாட்டம் பார்ப்பேனா, நீயே சொல்லுடா, தெக்க மண்ணு வெண்ணெய் மாதிரி இருந்துச்சு என்றார். ஒரு பந்தாட்டத்துக்காக இரண்டு கடல்களை ஏமாற்றிய ஆள்! திட்ட வாயெடுத்தேன், அதற்குள் அந்தக் கடைசிப் பெனால்டியை நாற்காலிகளுக்கு நடுவே உதைத்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

முப்பத்தொன்பது வயதில் உபதேசம் செய்ய எனக்கே கூச்சம், ஆனாலும்: விளக்கில்லாத சைக்கிளை மழையில் ஓட்டாதே, ரொட்டியும் ஊறுகாயும் மட்டும் சாப்பாடு ஆகாது, பரீட்சை முடிந்ததும் ஜூன் விழாவுக்கு வந்து சேர். நன்றாக இரு. இனி நான் செய்யப்போவது:

1. எட்டு மணிக்கு ஊர்த் தீயணைப்புப் படை பாறை உடைக்கும் கருவியோடு வருகிறது. வடக்கே ஆறு மீட்டர் பாறை. உடைத்துக் குழாயைத் திருப்புகிறோம்.
2. கருவியைப் பிடிப்பவர் அல்ஃபோன்ஸ். கடை டிவியின் ஒயரை இப்போதே கழற்றி என் பையில் வைத்துக்கொண்டேன்.
3. மறுபடி சாயம். இந்த முறை நம் குளம் பச்சையாக வேண்டும். சுகோவ் வாத்துகள் மேல் பழையது இன்னும் போகவில்லை, அதற்கு நான் பொறுப்பல்ல.
4. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. கடைக்குக் கூட்டிப்போய் அவள் கிளாஸை நிமிர்த்தி நிரப்பித் தருவேன். கரைந்துவிடும் என்ற கணக்கை இன்று சொல்லமாட்டேன்.
5. தண்ணீர் அங்கே வந்துசேர இரண்டு வாரம் என்று வைத்துக்கொள், அடுத்த மாத முதல் ஞாயிறு உன் போனுக்குக் காத்திருப்பேன். ஆற்றங்கரையில் நின்று அம்மாவிடம், வந்து சேர்ந்துச்சு, கொஞ்சம் நுரைதான் கம்மி என்று சொல். எனக்குப் பொய் வராது, உனக்கு வரும்.

அப்பா,
லுபோர்