பெட்டியைத் தாண்டியவை

மார்ச் 3, திங்கள்

ஆறு மாதத்துக்குப் பிறகு இன்று லேபுக்குத் திரும்பினேன். என் நாற்காலியில் யாரோ செருப்புக் காலோடு ஏறி நின்றிருக்கிறார்கள். குஷனில் இரண்டு பாதத் தடம். எவ்வளவு துடைத்தும் போகவில்லை. மேலே காகிதத்தை விரித்து உட்கார்ந்தேன்.

தாய்மார்களுக்குத் தனி அறை ஒதுக்கியிருக்கிறோம் என்று கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் துடைப்பம் வைக்கும் அறை. ஈர மாப்பின் நாற்றம். தாழ்ப்பாள் கிடையாது. கையால் பால் எடுக்கும் பம்பையும் காலால் கதவையும் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடம். எடுத்த பாலை ஃபிரிட்ஜில் வைக்கப் போனால் பக்கத்தில் எவனுடையதோ பூஞ்சை பூத்த டப்பா. சீ.

குட்டியை நாத்தனாரிடம் விட்டிருக்கிறேன். பரீட்சை முடிந்து வீட்டில்தான் இருக்கிறாள். நல்லவள்தான். ஆனாலும் மணிக்கு ஒரு தடவை போன் செய்தேன். நாலாவது தடவை சொல்லிவிட்டாள்: "அண்ணி, நீங்க போன் பண்ற சத்தத்துலதான் அவ முழிச்சுக்கிறா."

மார்ச் 4, செவ்வாய்

அதே பழைய வேலை. நாங்கள் செய்யும் பெட்டி, நெட்வொர்க்கின் நடுவில் உட்கார்ந்து ஒரு பக்கம் வரும் தகவல் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, மறுபக்கம் அனுப்பும். நொடிக்கு எத்தனை தாங்கும் என்று சோதித்துச் சொல்ல வேண்டியது நான். அதற்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே ஒரு கருவி இருக்கிறது. பாக்கெட் எவ்வளவு பெரிது, எந்த முகவரிக்கு, எத்தனை என்று எழுதிக்கொடுத்துத் தொடங்கு என்றால் போதும், உள்ளே ஒன்றுமில்லாத பாக்கெட்டுகளை லட்சக்கணக்கில் கக்கும். ஒரே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப. முன்பெல்லாம் கிடைத்தவர்களை உட்கார வைத்து இதை விளக்குவேன். இன்று, யாரோ வாந்தி எடுப்பதை நின்று பார்ப்பதுபோல் இருந்தது.

புது மாடல் பெட்டி. நொடிக்கு 14,80,000. மேனேஜர் எட்டிப் பார்த்து, "வந்த ரெண்டாம் நாளே செஞ்சுரியா!" என்றார். நாங்கள் அவரைத் 'தலை' என்போம். அது அவருக்கும் தெரியும். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 5, புதன்

குட்டிக்குச் சளி. மூக்கை உறிஞ்சும் குழாயைக் கழுவிக் கழுவி விரலெல்லாம் ஊறிவிட்டது.

மார்ச் 6, வியாழன்

எழுதவே கூசுகிறது. எழுதாமல் தூங்கவும் முடியாது.

காலையில் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிகளை அடுக்கியிருக்கும் ரேக்குக்குப் பின்னால் படுத்து ஒயர் கட்டிக்கொண்டிருந்த கேபிள் அண்ணன் அங்கிருந்தே கேட்டார்.

"தங்கச்சி, டெஸ்ட் ஓடுதா?"

"ஓடுதுண்ணா."

"எதுல?"

"புதுப் பெட்டியிலதான்."

"அதுலேர்ந்து வெளிய போற ஒயரு என் கையிலல்ல இருக்கு?"

குனிந்து பார்த்தேன். அவர் கையில்தான் இருந்தது. நுனியில் தூசி, ஒரு முடி. நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். 14,80,000. ஒன்றுகூடக் குறையவில்லை.

போகவே வழியில்லாத பெட்டிக்குள் இத்தனை லட்சத்தைத் திணித்துவிட்டு, ஆயிற்று ஆயிற்று என்கிறது. கருவியைக் குறை சொல்ல முடியாது. தான் தள்ளியதைத்தான் அது எண்ணுகிறது. போய்ச் சேர்ந்தது என்று அது எங்கேயும் சொன்னதில்லை. எங்கள் படிவத்தில் 'பெட்டியைத் தாண்டியது' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் இந்த எண்ணைக் கொண்டுபோய் எழுதியது எந்தப் புண்ணியவான் என்று பழைய ரிப்போர்ட்டுகளைத் திறந்தேன்.

நான்.

போன வருடம் ஜூலை. வாடகைக்கு எடுத்திருந்த சோதனை மெஷினைத் திருப்பிக் கொடுத்த மாதம். அந்த மெஷின் இரண்டு முனையிலும் எண்ணும். அது போனதும், "கெர்னல் கருவியே போதும் சார், நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னவள் நான்தான். எட்டாவது மாதம், கால் இரண்டும் உரல்போல வீங்கி, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று கிடந்தேன். மெஷின் மாறிவிட்டது, படிவம் மாறவில்லை. அதே கட்டம். புது எண்ணை எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மத்தியானம் அந்த ஜூலைப் பெட்டியின் மாடலை எடுத்து, மறுமுனையில் இன்னொரு கம்ப்யூட்டரை வைத்து எண்ணினேன். மூன்று தடவை. தள்ளியது 14,80,000. தாண்டியது 5,20,000.

மார்ச் 7, வெள்ளி

அந்த ஜூலை மாடலின் விற்பனைப் பட்டியலைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். ஒரு ஆஸ்பத்திரி. என் எண்ணை நம்பி மூன்று மாடிக்கும் ஒரே பெட்டி. கேமரா, ஸ்கேன், டெலிபோன், எல்லாம் அதன் வழியாகத்தான். இரண்டாம் மாடியில் பச்சிளம் குழந்தைகள் வார்டு. மூச்சையும் இதயத் துடிப்பையும் காட்டும் படுக்கைத் திரைகளிலிருந்து நர்ஸ் மேஜைக்குப் போகும் அலாரமும் அதே பெட்டி வழியாக.

குட்டி பிறந்ததும் இரண்டு நாள் அப்படியொரு திரைக்குக் கீழேதான் கிடந்தாள். வேறு ஆஸ்பத்திரி. திரை பார்த்துக்கொள்ளும் என்று நான் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்.

மார்ச் 10, திங்கள்

தலையிடம் சொன்னேன். பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டே கேட்டார்.

"யாராவது கம்ப்ளெய்ன்ட் பண்ணாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்னம்மா? எந்த நெட்வொர்க்ல நொடிக்குப் பதினாலு லட்சம் வருது? சும்மா பேப்பர்ல இருக்கிற நம்பர்."

"பேப்பரைப் பாத்துத்தானே சார் ஒரே பெட்டி போதும்னு வாங்கினாங்க?"

மூடியை வெளியே எடுத்து, நுனியில் ஒட்டியிருந்ததை வெளிச்சத்தில் பார்த்தார்.

"அதுல யார் கையெழுத்து?"

"என்னுது."

"என்னுது இல்லையே?" சிரித்தார். "புள்ள பெத்த அசதி. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வாங்க. அதுக்கு முன்னாடி புதுப் பெட்டி ரிப்போர்ட்ல ஒரு கையெழுத்து. அதே ஃபார்ம்தான்."

அந்த மூடியை அந்தப் பேனாவிலேயே செருகி என்னிடம் நீட்டினார்.

வாங்கவில்லை. "பால் எடுக்க நேரமாச்சு சார்" என்று எழுந்து வந்துவிட்டேன். என் வீரமெல்லாம் அவ்வளவுதான். மாப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். பால் வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ராத்திரி வீட்டில் இவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "யாராவது செத்தாங்களா?" என்றார்.

"தெரியாது."

"தெரியலன்னா சாகலன்னு அர்த்தம். செத்திருந்தா இந்நேரம் வந்திருப்பாங்க. நீயா போய் ஏன் தலையை நீட்டுற? உன் பேர் கெட்டுப்போனா அப்புறம் எவன் உன்னை டெஸ்டிங்ல எடுப்பான்?"

நாத்தனார் குட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இப்பகூட இவளுக்கு ஆறு ஸ்பூன் கஞ்சி குடுத்தேண்ணே. சட்டையைப் பிழிஞ்சா நாலு ஸ்பூன் வரும். ஆறுன்னே எழுதிக்கவா?"

"நீ சும்மா இருடி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோபித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி — செத்தாங்களா — அதைக் கேட்ட வாயால் குட்டியைக் கொஞ்சினபோது உடம்பெல்லாம் கூசியது. அவரைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன? வெள்ளிக்கிழமையே தெரிந்துவிட்டது. இன்று செவ்வாய். சனி, ஞாயிறு துணி துவைத்து மடித்து வைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

எழுதிவிட்டேன். ஜூலை ரிப்போர்ட் தவறு. தள்ளியது இவ்வளவு, தாண்டியது இவ்வளவு. தவறு என்னுடையது. தலைக்கு ஒன்று, ஆஸ்பத்திரி டெக்னீஷியனுக்கு ஒன்று. அனுப்பியதும் எழுந்துபோய்க் கையைக் கழுவினேன். எதற்கென்று தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

டெக்னீஷியன் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனைக் கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன். அவர் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை.

"நாலு மாசமா அலாரம் அப்பப்ப லேட்டா வருது மேடம். சில சமயம் வர்றதே இல்ல. லூஸ் கனெக்‌ஷன்னு நெனச்சு டேப் சுத்திச் சுத்தி வெச்சிருக்கேன். என் மேலதான் தப்புன்னு மெமோகூடக் குடுத்துட்டாங்க."

எனக்கு மெமோ இல்லை. மெமோ வாங்கியது டேப் சுற்றிய மனிதர்.

மார்ச் 19, புதன்

தலை ஒரு தாளை நீட்டினார். 'தவறு முழுக்க முழுக்க என் கவனக்குறைவால் நேர்ந்தது. மேலதிகாரிகளுக்குத் தெரியாது.' ஜூலையைப் பொறுத்தவரை ஒவ்வொரு வரியும் நிஜம். நிஜத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு அசிங்கமாக ஒரு தாள் எழுத முடியுமா? பத்தாம் தேதி அவரிடம் நேரில் சொன்னேன் என்பது அதில் இல்லை. கீழே அந்த ஒரு வரியை என் கையால் சேர்த்து, தேதி போட்டு, என் சொந்தப் பேனாவில் கையெழுத்திட்டேன். படித்துப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

மார்ச் 24, திங்கள்

லேபிலிருந்து தூக்கிவிட்டார்கள். இனி வெளி வேலை — வாடிக்கையாளர் இடத்துக்குப் போய்ப் பெட்டி மாட்டுவது. "அலைச்சல்தான், பழகிக்குங்க" என்றார் தலை. கேபிள் அண்ணன் என் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிக்கொடுத்தார். "ஒயரு விஷயத்தை நான் வாயைத் தொறக்காம இருந்திருக்கலாம்" என்றார். "அப்படிச் சொல்லாதீங்கண்ணா" என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

இன்று அந்த ஆஸ்பத்திரியில் பெட்டி மாற்றினோம். மாடிக்கு ஒன்று, மொத்தம் மூன்று. டெக்னீஷியன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். முடித்துவிட்டு இரண்டாம் மாடிக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

பதினாறு படுக்கை. எல்லாம் கையளவு உடம்புகள். நர்ஸ் மேஜையில் அலாரம் காட்டும் திரை இருந்தது. முன்னால் யாரும் இல்லை. நர்ஸ் ஒருவர் முதல் படுக்கையிலிருந்து கடைசிவரை குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். முடித்துத் திரும்பி மறுபடி முதலிலிருந்து.

"திரையைப் பாக்கமாட்டீங்களாக்கா?" என்றேன்.

"அதை நம்பறதை எப்பவோ விட்டாச்சும்மா. ஒருநா ஒரு குழந்தை நீலம் பாரிச்சுக் கிடக்குது, இது கம்முனு இருக்கு. நான் யதேச்சையா அந்தப் பக்கம் போனேன், தட்டி எழுப்பினோம். அன்னையிலேர்ந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு ரவுண்டு. மூணு ஷிஃப்டும்." கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டார். "நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாயிடுச்சு."

எந்தக் குழந்தை என்று கேட்க வாய் வரவில்லை. அந்தப் பெட்டி தாங்கும் என்று கையெழுத்துப் போட்டது நான்தான் என்று சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். ரவிக்கைக்கு மேல் பால் கசிந்த ஈரத்தையும் பார்த்திருப்பார்.

"இப்பப் புதுசு மாட்டியாச்சுல்ல? இனிமே உக்காரலாமா?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது.

"ஒரு வாரம் நடங்கக்கா" என்றேன். "அலாரமெல்லாம் மேஜைக்கு வந்து சேர்றதை நான் இங்கயே உக்காந்து எண்ணிப் பாத்துடறேன். அப்புறம் சொல்றேன்."

"வாரமா?" என்று உதட்டைப் பிதுக்கினார். ஒரு நாற்காலியை என் பக்கம் காலால் தள்ளிவிட்டு, முதல் படுக்கைக்குப் போனார்.