கடல்பாசியில் உன் கட்டைவிரல்

இன்று காலை ஆய்வகத்தில் அகரோஸ் தூளைக் காய்ச்சினேன். மூடியைத் திறந்ததும் ஆவியோடு லேசாகப் பாசி வாடை வந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

ஆய்வகத்துக்கு வந்த முதல் நாளே நீ அந்தத் தூளை முகர்ந்து பார்த்து, "ஏ பந்தல்குடி, இது எங்க வீட்டுல நோன்புக்குக் காய்ச்சுற கடல்பாசிதான்டி. பாலும் சீனியும்தான் கொறையுது" என்றாய். எனக்கு எரிச்சலாக இருந்தது. என் ஊர் பந்தல்குடி, உன் ஊர் வீரசோழன். இரண்டு பேருமே அருப்புக்கோட்டையில் பஸ் மாறி வந்தவர்கள்தான். நான் ஊரை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறவள். நீ அடுப்படியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

நம் வேலையைச் சொல்வது எளிது. நுண்ணிய கோடுகள் உள்ள அச்சில் அகரோஸை ஊற்றி, உறைந்ததும் எடுத்தால் மெத்தென்ற ஸ்டாம்பு. அதைப் பச்சையாக ஒளிரும் சாயம் கலந்த புரதக் கரைசலில் ஊறவைத்துக் கண்ணாடியில் ஒற்றினால் புரதம் கோடு கோடாகப் பதியும். நரம்பு செல்கள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வளரும். ஸ்டாம்பில் ஈரம் கூடினால் கோடு கலங்கிவிடும், காய்ந்தால் ஒட்டாது. அந்தப் பதம் மூன்று மாதமாக எனக்குப் பிடிபடவில்லை.

நீ வந்து மூன்று வருஷம் கழித்து ஒரு நாள், நான் கண்ணாடி எடுக்கத் திரும்பிய நேரத்தில் நீ கையுறையைக் கழற்றி, கடல்பாசி உறைந்ததா என்று வீட்டில் பார்ப்பதுபோல, கட்டைவிரலால் ஸ்டாம்பைத் தொட்டிருக்கிறாய். "சரியா இருக்கு, வையி" என்றாய். வைத்தேன். நுண்ணோக்கியில் பார்த்தால், பச்சையாக ஒளிர்ந்த கோடுகளுக்கு நடுவே உன் விரல் ரேகை கறுப்பாகத் தெரிந்தது. நீ தொட்ட இடத்தில் புரதம் இல்லை. மற்ற இடமெல்லாம் கோடு பிசிறில்லாமல் விழுந்திருந்தது. பதத்தை நீ சரியாகத்தான் சொல்லியிருந்தாய். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இனிமே என் ஸ்டாம்பத் தொடாத" என்றேன். எப்போதும் ஏதாவது கேலி பேசுகிறவள், நீ அன்று நேரே போய்க் கை கழுவினாய்.

இரண்டாம் நாள் காய்ச்சல் என்று ஊருக்குப் போனாய். பத்து நாளில் எல்லாம் முடிந்தது. நான் வந்து சேர்வதற்குள் உன்னை அடக்கம் செய்துவிட்டார்கள்.

போன வாரம் உன் வீட்டுக்குப் போனேன். "அவ என்ன வேல பாத்தான்னே எங்களுக்கு வெளங்கல. நீயாச்சும் சொல்லும்மா" என்றார்கள் உன் அம்மா. என் போனில் உன் ரேகை விழுந்த அந்த நுண்ணோக்கிப் படம்தான் இருந்தது. கடல்பாசியை வைத்தே விளக்கினேன். அவர்கள் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், ரேகையைக் குறுக்கே அறுத்த ஒரு கீறலின் மேல் விரலை வைத்தார்கள். ஏழு வயதில் அரிவாள்மணையில் உனக்குப் பட்ட வெட்டாம். மூன்று வருஷம் பக்கத்தில் இருந்த எனக்கு அது தெரியாது.

"இதுல எதுக்கும்மா அவ வெரலு?"

"அவ தொட்டுச் சொன்னாத்தாம்மா வேல நடக்கும்" என்றேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது.

இன்று ஸ்டாம்பு ஊறியதும் கையுறையைக் கழற்றி, ஓரத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. நீ சொன்ன "சரியா இருக்கு, வையி" காதில் அப்படியே இருக்கிறது. ஆனால் சரியா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லையடி.